நான்கு, பதினொன்று

நவம்பரின் முதல் மழைக்கே
அப்பாஸியாவின் சாக்கடைகள் தெருவுக்கு வந்துவிட்டன.
பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு
அரசியல் சாசனம் பேச வந்தார்கள் பன்னிரண்டு பேர்.

நான் முதல் சுற்றிலேயே தோற்றவன்.
'இந்திய மக்களாகிய நாம்' என்று எடுத்தேன்.
நாம்.
அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.
யாரோ இருமினார்கள்.

ஆகையால் இறுதிச் சுற்றில் எனக்கு மணி கொடுத்தார்கள்.
மூன்றாம் நிமிடம் ஓர் அடி, நான்காம் நிமிடம் இரண்டு,
தாண்டிப் பேசினால் இரண்டு மதிப்பெண் போகும்.
பள்ளிக்கூட அலுவலகத்துக் கைமணி,
இயற்பியல் லேபின் ஸ்டாப்வாட்ச்.
'எல்லாருக்கும் ஒரே கடிகாரம், தம்பி' என்றார் நடுவர்.
வாரநாட்களில் அவர் கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவர்.

ஃபர்ஹான் பதினான்காம் பிரிவில் ஏறி
இருபத்தொன்றில் இறங்கப் பார்த்தான்.
மிதுனா விரலை உயர்த்தும்போதெல்லாம்
முன்வரிசையில் அவள் அம்மாவின் விரலும் உயர்ந்தது.
நேரம் ஆனது, அடித்தேன்.
ஃபர்ஹானின் கடைசி வாக்கியம்
வினைச்சொல் இல்லாமல் மேடையிலேயே நின்றது.

ஐந்தாவது ஜெஃப்ரினா. கையில் தாள் இல்லை.
'எங்க வீட்டு டிராயர்ல என்ன இருக்கு தெரியுமா?'
அரபியில் ஒரு பிறப்புச் சான்றிதழ்.
ரப்பர் பேண்டு போட்ட நாலு பாஸ்போர்ட்.
காலாவதியான சிவில் ஐடிகள், தூக்கிப்போட மனசில்லாமல்.
அப்பாவின் வாக்காளர் அட்டை.
பெரியதாழையில் யாரோ வந்து கதவைத் தட்டிப் பார்த்து
'குடியிருப்பில் இல்லை' என்று பெயரை அடித்துப் போனார்களாம்.
'இங்க இருக்கோம், குடிமக்கள் இல்ல.
அங்க குடிமக்கள், இருக்கல.
ரெண்டுக்கும் நடுவுல எங்கப்பா
ஷுஐபாவில நைட் ஷிஃப்ட்ல இருக்கார்.'
சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

நான்கு நிமிடம்.
மணியின் நாக்கை உள்ளங்கையில் பிடித்திருந்தேன்.
'பதினெட்டு முடிஞ்சதும் படிவம் கொடுப்பேன்.
ஓட்டுப் போட நேரில்தான் வரணுமாம். வருவேன்.
ஒரு சொட்டு மைக்கு ஒரு மாசச் சம்பளம்,
பரவாயில்ல.'
நாக்கை விட்டேன்.
வாட்ச்சில் நான்கு, பதினொன்று.

ஆறாவது ஆள் படி ஏறிக்கொண்டிருந்தான்.
அந்தப் பதினோரு விநாடியை இனி வரும் ஏழு பேருக்கும் கொடுக்கலாம்.
முன்னால் பேசிய நாலு பேரை என்ன செய்வது?
மூன்றாம் வரிசையில் ஃபர்ஹான்
தன் வினைச்சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நேரத்தாளில் உள்ளதை எழுதினேன்.
இரண்டு மதிப்பெண் போனது.
முதல் பரிசு மிதுனாவுக்கு.
ஃபஹாஹீல் கடைக்காரர் கோப்பையில்
'அரசியல் சாதனம்' என்று பொறித்திருந்தார்.
அம்மாவும் மகளும் அதைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

தேங்கிய தண்ணீரில் பஸ் ஊர்ந்தது.
முன்சீட்டிலிருந்து ஜெஃப்ரினா திரும்பினாள்.
'நீதான் எழுதினியா?'
'ஆமா.'
'மணியைப் பிடிச்சு வச்சதும் நீதானே?'
'ஆமா.'
கொஞ்ச நேரம் வைப்பரையே பார்த்தாள்.
'அதுக்கு உனக்கு எத்தன மார்க் கழிச்சாங்க?'

அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

நிறுத்தம் வந்தது.
ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
அவள் முன்னே, நான் ஓரடி பின்னே,
தண்ணீரில் இறங்கினோம்.