எடை குறையவில்லை

நேற்று முப்பத்தாறு. இன்று ஐம்பத்திரண்டு.
பூஜ்யத்துக்குக் கீழே என்று
யாகூத்ஸ்கில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.
ஜனவரியில் வேறு பக்கம் ஏது?

மூச்சு விட்டால் காதோரம்
தவிட்டைத் தேய்ப்பதுபோல் ஒரு சரசரப்பு.
முக்சுன் மீன்களைப் பெட்டியில்
வால் கீழே வாய் மேலே நட்டு வைத்தேன்.
விறகாய் நின்றன.

காலையில் என் வண்டியின் டயர்
தொப்பை சரிந்து உட்கார்ந்திருந்தது.
சூடேற்றிய கொட்டகையில்
இரண்டரை வைத்து அடைத்த காற்று
ஒன்றே முக்கால் காட்டியது.
ஊசித்துளை தேடினேன். இல்லை.
அப்புறம் மனம் தானாகவே போய் நின்ற இடம்
பேக்துர்.
கிர்கிஸ்தானிலிருந்து வந்த சுமைகூலிப் பையன்.
சந்தையில் எது தொலைந்தாலும்
அவன் பையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அரை மணி கழித்து துலுஸ்தான் கத்தினான்.
தேநீர்க் கடை அடுப்பு பற்றவில்லை.
சிலிண்டரைத் திறந்தால்
சீறல் இல்லை, வாசம் இல்லை.
"நேத்துதான் வாங்கினேன் துயாரா,
ராத்திரியோட ராத்திரியா யாரோ உறிஞ்சிட்டான்!"
வாய் யாரோ என்றது.
விரல் ஆளைக் காட்டியது.

பேக்துர் கையுறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டான். அவ்வளவுதான்.

என்னிடம் தராசு இருந்தது.
"தூக்கி வை" என்றேன்.
காலி இரும்பு இருபத்திரண்டு கிலோ,
கழுத்தில் பொறித்திருக்கிறது.
முள் ஆடி ஆடி
நாற்பத்து மூன்றில் நின்றது.
இருபத்தொரு கிலோவும் உள்ளேயே இருக்கிறது,
அடியில் திரவமாய்த் தேங்கி,
எழுந்து வரத் தெம்பில்லாமல்.

மீன் விற்கும் முன்
வானிலை நிலையத்தில் பதினோரு வருடம்
பலூன் விட்டவள் நான்.
எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது.
நாற்பத்திரண்டைத் தாண்டினால்
புரோபேன் அப்படித்தான்.
ஒன்றையொன்று பற்றிக்கொண்ட மூலக்கூறுகள்
பிடியை உதறிக் கிளம்ப ஒரு வேகம் வேண்டும்.
குளிர் களவாடியது அதை மட்டும்.
இப்போது வாயைத் திறந்து வைத்தால்
வெளிக்காற்றுதான் உள்ளே நுழையப் பார்க்கும்.

என் டயர்?

அதற்குள்ளும் கோடானுகோடி
ரப்பர்ச் சுவரில் முட்டி முட்டித்தான்
வண்டியைத் தூக்கிப் பிடிக்கின்றன.
கொட்டகையில் நொடிக்கு ஐந்நூறு மீட்டர் ஓடியவை
இன்று நானூற்று முப்பத்தைந்து.
எட்டில் ஒரு பங்குதான் சோம்பல்.
ஆனால் மெல்ல ஓடினால் அடியும் மெல்ல,
அடுத்த அடி வரவும் தாமதம்.
இரண்டும் பெருகிச் சேர்ந்து
கிட்டத்தட்ட கால் பங்கு முட்டல் போயிற்று.
வெளியே ஊர்க்காற்று தள்ளும் பங்கைக் கழித்துவிட்டு
மீதியைத்தான் அளவுமானி காட்டும்.
காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்றே முக்காலேதான்.
ஒரு துகள்கூட வெளியேறவில்லை.
யாரும் தொடவில்லை.

சிலிண்டரை என் கொட்டகைக்குத் தூக்கிப் போனோம்,
நானும் பேக்துரும், ஆளுக்கொரு பக்கம்.
நெருப்பருகே வேண்டாம் என்றேன்.
"தெரியும்" என்றான்.
அன்று அவன் பேசிய முதல் சொல்.

மதியம் திறந்தபோது சீறியது.
துலுஸ்தான் முதல் குவளையை அவனுக்கு நீட்டினான்,
மன்னிப்பு என்று எதுவும் சொல்லாமல்
சர்க்கரை மட்டும் இரண்டு கட்டி கூட.
காசை வாங்கிக்கொண்டான்.

டயரைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது,
நினைத்தது நான், நினைத்தது மனதுக்குள்.

இருட்டியபின் ஒரு முக்சுனை
செய்தித்தாளில் சுற்றி நீட்டினேன்.
பேக்துர் புருவத்தில் உறைபனி,
அதற்குக் கீழே சந்தேகம்.
"எவ்வளவு?"
"எடை போடலை" என்றேன்.