நான்கு ஒன்பதுகள்

திருச்செந்தூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால்
உடைமரங்களுக்கு நடுவே எங்கள் ஆண்டெனாக்கள்,
துணி காயாத கொடிகள்.
டீக்கடையில் எல்லோருக்கும் இது ரேடியோ ஸ்டேஷன்.
"பாட்டு எப்பம் போடுவிய?"

பாட்டு இல்லை.
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மேலே ஒரு தட்டு.
எண்பது, தொண்ணூறு கிலோமீட்டரில்
காற்றென்று சொல்லக் கூச்சப்படும் காற்று
அரைத்தூக்கத்தில் "உம்" என்கும்.
அந்த "உம்"மை எழுதிவைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

முப்பது வருடப் பதிவேடு.
எனக்கு முன்னே எழுதியவர் சங்கரகோமதி.
அவருக்கும் முன்னே யாரோ, பச்சை மையில்,
ஏழுக்கு இடுப்பில் கோடு போடும் பழக்கமுள்ளவர்.
மூன்று கையெழுத்தையும் ஒட்டி வைத்தால்
ஒரு சாய்வு தெரிகிறது.

வானம் இறங்குகிறது.
மேலே குளிர்கிறது; குளிர்ந்தது சுருங்குகிறது.
பத்து வருடத்துக்குச் சுமார் நூற்றைம்பது மீட்டர்,
பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் கேட் வரை.
கீழே நமக்குப் போர்வையாகிற அதே கரியமிலவாயு
அங்கே பானைத் தோல்:
கசியவிட்டுக் கசியவிட்டு
உள்ளிருப்பதை ஆறவைக்கிறது.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம்,
பாளையங்கோட்டையில் நாற்பத்தொன்று.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வந்த பிச்சைக்கனி கேட்டார்:
"மேல குளுருதுங்கிய. ஒரு வாளியக் கட்டி எறக்குனா என்ன?"
சிரித்தேன். பிறகு
கயிற்றின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து
சிரிப்பை நிறுத்தினேன்.

செத்துப்போன செயற்கைக்கோள்கள்கூட
இப்போது விழத் தாமதிக்கின்றனவாம்.
உரசி நிறுத்த அங்கே காற்று போதவில்லை.

பதிவேட்டில் ஓர் ஓட்டை உண்டு.
அந்த மார்கழி.
தாமிரபரணி ரோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டது.
கேபிள் குழியில் கெண்டை.
பன்னிரண்டு இரவுகள்.
நான் கணினியை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தபோது
பிச்சைக்கனி கருங்குளம் பக்கம்
டிராக்டர் டியூபில் ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தார்.
பதினான்கு பேர்.
பதினைந்தாவது கை வழுக்கிவிட்டது என்று
ஒரே தடவை சொன்னார்,
ஸ்பேனரைத் தேடுகிற குரலில்.

அந்த இரவுகளில்
தொண்ணூறு கிலோமீட்டரில் காற்று எந்தத் திசை?
தெரியாததற்கு எங்களிடம் ஓர் எண் இருக்கிறது:
9999.
மென்பொருள் அதைக் கண்டால் தாண்டிவிடும்;
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
நேராகக் கோடு இழுக்கும்,
நடுவில் ஆறே இல்லாததுபோல.
கோடு நேர்த்தியாகத்தான் வருகிறது.
கட்டுரைக்கு அது போதும்.

இன்று சாயங்காலம் கேட்டைப் பூட்டும்போது
பிச்சைக்கனி அண்ணாந்து பார்த்தார்.
"இன்னைக்கு எவ்வளவு எறங்கிருக்கும்?"
சராசரி போட்டுச் சொன்னேன்:
நாலு சென்டிமீட்டர்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
அந்த நாலைப் பிடித்துப் பார்த்தார்.
ரொம்ப நேரம்
விடவில்லை.