இடையிடையே

காலை ஐந்தரைக்கு அறிக்கை வருகிறது.
மன்னார் வளைகுடா, அதையொட்டிய கடற்பகுதி,
சூறைக்காற்று மணிக்கு நாற்பத்தைந்து முதல்
ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலும்
இடையிடையே அறுபத்தைந்திலும் வீசக்கூடும்.
அந்த இடையிடையேக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மண்டபத்தில் டோக்கன் ஜன்னலுக்குப் பின்னால்
பதினோரு வருஷம்.
நான் கொடுக்காமல் விசைப்படகு நகராது.
இன்று டோக்கன் இல்லை என்று எழுதினேன்.
பசை தீர்ந்திருந்தது.
டிபன் பாக்ஸைத் திறந்து
நாலு பருக்கையை நசுக்கி ஒட்டினேன்.

வெளியே வடகடல்
எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் படுத்ததுபோல் கிடக்கிறது.
இதைப் பெண்கடல் என்பார்கள்.
பாலத்துக்குத் தெற்கே ஆண்கடல்.
இரண்டுக்கும் அன்றைக்கு ஒரே தாள், ஒரே பருக்கை.

இன்னாசிமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"காத்தை எங்க வெச்சிருக்கீக, பீரோவுலயா?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
அவர் படகில் ஐஸ் ஏற்றியாயிற்று.
கடலுக்குப் போகாதே என்றால் படகு கேட்கும்.
உருகாதே என்றால்
ஐஸ் கேட்குமா?

இரண்டாம் நாள்
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
அண்ணாந்து பார்த்தவர்களுக்கு
கூண்டுக்குள்ளும் வானம், வெளியிலும் வானம்.

அன்றைக்குக் கடல் உள்வாங்கியது.
படகுகள் சேற்றில் ஒருக்களித்துச் சாய,
தொய்ந்த நங்கூரக் கயிற்றில் காக்காய்கள்.
எப்போதோ தவறி விழுந்த அலுமினியச் சட்டி ஒன்று
பாசி பிடித்து வெளியே வந்தது.
நம்புக்கனியும் அவள் நாத்தனாரும்
முழங்கால் சேற்றில் மட்டி பொறுக்கினார்கள்.
திரும்பும்போது ஜன்னலில் ஒரு கை மட்டியை வைத்து
"லீவு விட்ட மகராசிக்கு" என்றாள்.
நன்றியா நக்கலா, தெரியவில்லை.
குழம்பு நன்றாக இருந்தது.

மூன்றாம் நாளும் நீவாடு திரும்பவில்லை.
வாடை வீசவேண்டிய மாதத்தில்
விசிறிமட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

புயல் வந்தாலும் எனக்கு முப்பதாம் தேதி சம்பளம்,
வராவிட்டாலும் முப்பதாம் தேதி.
அன்று மத்தியானம்
ஜன்னலில் யாருமே இல்லாதபோது
ஒன்று நினைத்தேன்:
வரட்டும்.
பெரிதாக வேண்டாம்.
ஆளில்லாத ஏதாவது ஒரு கூரை,
பள்ளிக்கூடத்து சைக்கிள் கொட்டகை போதும்,
பறந்துபோய் ரோட்டில் விழட்டும்.
நான் பொய் சொல்லவில்லை என்று
அது சொல்லட்டும்.

நினைத்த உடனே எழுந்துபோய் முகம் கழுவினேன்.
தண்ணீர் உப்புக் கரித்தது.
அந்தக் குழாய் எப்போதும் அப்படித்தான்.

நான்காம் நாள் அறிக்கையில்
வலுவிழந்தது.
எங்கோ நடுக்கடலில், யார் கண்ணிலும் படாமல்,
ஒரே வார்த்தையில்.

காய்ந்த பருக்கையோடு தாளைக் கிழித்தேன்.
மொத்தம் நூற்று எழுபத்திரண்டு டோக்கன்.
இன்னாசிமுத்து காற்றைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்டார்.
"ஐஸு கடன்" என்றார்,
என்னிடம் இல்லை, பேனாவிடம்.

ராத்திரி இரண்டே கால்.
மாடித் தகரம் ஒருமுறை தட்டியது.
எழுந்து உட்கார்ந்தேன்.
கூண்டை இறக்கியாயிற்று.
அறிக்கையில் இது இல்லை,
இதற்கு எண் இல்லை.
தென்னை கொஞ்ச நேரம் பேசிவிட்டு நிறுத்தியது.
போனை எடுத்தேன், வைத்தேன்.
யாரைக் கூப்பிட்டு என்ன கேட்பது?

நூற்று எழுபத்திரண்டு படகு,
படகுக்கு ஐந்து பேர்.
பெருக்கினேன்.
எண்ணூற்று அறுபது என்று வந்ததும்
விளக்கைப் போட்டேன்.

தகரம் தட்டுகிறது.
தட்டவில்லை.
தட்டுகிறது.

இதில்
எது இடை?