ஐந்தடி தூரம்

நார்த் பிளாட்டில், டீசல் பங்குக்குப் பின்னால்,
டயர் கடைக்கும் காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்கும் நடுவே
என் அறை.
நோய் என்று இங்கே யாரும் வருவதில்லை.
நோயில்லை என்று எழுதி வாங்கத்தான் வருகிறார்கள்.

லோரன் வோபாட்.
ஐம்பத்தெட்டு வயது, பதினெட்டுச் சக்கரம்.
போன வாரம் ஒமாஹாவுக்கு உருளைக்கிழங்கு.
நாளை, நான் கையெழுத்துப் போட்டால்,
ரீனோவுக்கு உறைந்த இறைச்சி.

நாலு நாளாய் உப்பைத் தொடவில்லை என்றார்,
நான் கேட்காமலே.
கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன்.
நூற்று முப்பத்தெட்டு.
வரம்புக்கு இரண்டு புள்ளி கீழே.
அந்த இரண்டு புள்ளிக்குள் உட்கார்ந்து
ஒரு வீட்டுக் கடன் மூச்சு விட்டது.

கழுத்துக்கு நாடா பிடித்தேன்: பதினேழு அங்குலம்.
குறட்டை விடுவீர்களா?
"யார் கேட்டுச் சொல்ல?"
தெரியாது என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

பிறகு காது.
கருவி பழுதாகி ஆறு மாதம்.
அதனாலென்ன, விதியில் இன்னொரு வழி இருக்கிறது:
ஐந்தடி தள்ளி நின்று
கிசுகிசுக்க வேண்டும்.
மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு
மிச்சத்தில் பேச வேண்டும்.

முதலில் இடது. வலதைப் பொத்திக்கொண்டார்.
அறுபத்தாறு, என்றேன்.
சுவரிலிருந்த இதயப் படத்தைப் பார்த்தபடி நின்றார்.
பதினெட்டு, என்றேன்.
வெளியே ஏதோ ஒரு வண்டி
பிரேக்கின் காற்றை உஸ்ஸென்று இறக்கியது.
"இப்போது சொன்னீர்களா?"

ஜன்னலோரத்துக் காது அது.
முப்பத்தோரு வருடம்
நெப்ராஸ்காவில் வீசிய காற்றெல்லாம்
அந்தத் துளை வழியாகத்தான் போயிருக்கும்.

சட்டத்துக்கு ஒரு காது போதும்.
வலதுக்கு, எனக்கே கேட்காத குரலில்,
இருபத்துமூன்று.
"இருபத்துமூன்று."
நாற்பது.
"நாற்பது. உங்களுக்குச் சளி பிடித்திருக்கிறது."

பச்சைக் குழந்தைக்குத்தான் இப்படிக் கேட்கும்,
எப்படி வைத்திருக்கிறீர்கள் இதை மட்டும்?

அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அது அட்டையில் இறங்கும்வரை பேசவில்லை.
"அந்தப் பக்கத்து சீட்டில்
யாரும் உட்கார்ந்ததில்லை."

ஓராண்டு என்று எழுதினேன்.
மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்,
பிறகு போட்டாகிவிட்டதா என்று தடவிப் பார்த்தார்.

பார்த்துப் போங்கள், என்றேன் கதவருகில்.

இடது பக்கம் நின்றிருந்தேன்.
திரும்பாமலே போனார்.