பின்

மன்ஹைமின் நடுவூரில் தெருவுக்குப் பெயர் கிடையாது.
எழுத்தும் எண்ணும்தான்: யூ நான்கு, பதினேழு.
வேரிலிருந்து இறங்கும் பாதைபோல என் முகவரி.
இணையப் படிவங்கள் நம்புவதில்லை,
தெருப்பெயர் கட்டாயம் என்று சிவக்கும்.
யூ நான்கையே தெருவாக்கி நிரப்புவேன்.
தபால் எப்படியோ வந்துவிடும்.

இரவு பதினொன்றரை.
திரையில் ஒரு முன்மொழிவு, நான் எழுதியதுதான்:
பின் என்ற அடைவைக் கலைத்து
உள்ளிருக்கும் எல்லாவற்றையும்
யூஎஸ்ஆருக்குள் குடியேற்றுவது.
லிப்பும் கூடவே போகும்.

அரை நூற்றாண்டுக்கு முன்
யாருடைய வட்டோ நிறைந்துவிட்டதாம்.
வழிந்ததை இன்னொரு வட்டில் வைத்தார்களாம்.
அந்த வட்டு எப்போதோ குப்பைக்குப் போயிற்று.
தடுப்புச் சுவர் மட்டும் நிற்கிறது,
இருபுறமும் ஒரே அறை.
இடிப்போம் என்றேன்.
பதினான்கு பேர் ஆம் என்றார்கள்.

வீப்கெ மட்டும் கேட்டாள்:
பழைய வாசலில் வந்து நிற்பவர்களை என்ன செய்வாய்?

இணைப்பு வைப்போம்,
பின் எங்கே என்று கேட்டால்
உள்ளே போ என்று கைகாட்டும் ஒரு குறி.
எடையே இல்லாதது.

எடையே இல்லாததா?
செவ்வாயன்று சோதனை இயந்திரத்தில்
ஒரு கோப்பைக் காணோம்.
அதை ஒரு பொதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தோம்.
புதிதாக வந்தது யூஎஸ்ஆர் முகவரியில் இறக்கி வைத்தது.
பழையது பின் முகவரியில் இருந்த தன் பொருளை
எடுத்துக்கொண்டு வெளியேறியது.
இரண்டும் ஒரே பொருள்.
பதிவேட்டுக்கு அது தெரியாது.
கணக்கு சரி, அலமாரி காலி,
பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை.

புதன்கிழமை வோர்ம்ஸிலிருந்து எக்ஹார்ட் என்றொருவர்.
மழைநீர் இறைக்கும் நிலையம்,
பதினாறு வருடமாகத் தொடாத நிரல்,
அதன் முதல் வரியிலேயே பழைய வாசல்.
ரைன் ஏறும் இரவில்
எனக்கு உங்கள் ஒழுங்கு வேண்டாம், அம்மணி,
மோட்டார் ஓடினால் போதும்.

கடிதம் திருமதி குலவீரசிங்கத்துக்கு.
அது அப்பாவின் பெயர்.
இந்த நாட்டுப் படிவங்களில் இரண்டு பெட்டி இருந்தது,
இரண்டாவதில் அவரைப் போட்டார்கள்.
அவர் பருத்தித்துறையைத் தாண்டியதே இல்லை.
வங்கியிலும் வரி அலுவலகத்திலும் பல் மருத்துவரிடமும்
அவரைக் கூப்பிடுகிறார்கள்,
நான் எழுந்து போகிறேன்.
இருபத்தாறு வருடமாக.
அதை மாற்ற யாராவது நாள் குறித்தால்
எத்தனை கதவுகளில் எனக்கு ஆளே இல்லாமல் போகும்?

தமிழில் பின் என்றால் பிறகு.
ஜெர்மனில் பின் என்றால் இருக்கிறேன்.
அந்த அடைவுக்குப் பெயரிட்டவருக்கு
இரண்டும் தெரிந்திருக்காது.
காலி செய்த வீட்டின் வாசலில் நின்று
இருக்கிறேன், இருக்கிறேன் என்கிறது.

முன்மொழிவைத் திருத்துகிறேன்.
இடமாற்றம் நடக்கும்.
இரண்டு பெயரும் ஒன்றென்று பதிவேடு கற்கும்வரை
எந்தக் கோப்பும் பொதி மாறாது.
பழைய இணைப்புகளை நீக்கும் நாள்:
அடுத்த வெளியீடு என்று எழுதியிருந்தேன்.
அழித்துவிட்டேன்.
அந்த இடத்தில் துடிக்கும் கோடு
சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கட்டும்.

அனுப்பியாயிற்று.
பத்து நிமிடத்தில் வீப்கெ வாக்களித்தாள்,
இந்த முறையும் எதிராக.
காரணம் எழுதவில்லை.
வோர்ம்ஸில் மழை என்கிறது கைப்பேசி.