தட்டிக் கேட்டல்

சோஹார். இரவு பதினொன்றுக்கும்
சுவர் சுடுகிறது.
கல்ஃபான் வீட்டுக் கராஜில்
அறுபத்து நான்கு போர்சலின் டைல்.
வடிகால் பக்கம் விரலளவு சரிவு,
ரசமட்டத்துக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போகிறேன்.
கெட்டி. கெட்டி. கெட்டி.
கதவோரம் நாற்பத்தொன்றாவது:
டொப்.

ஷொஹேல் பசையில் கை சுருக்கிவிட்டான்.
என்னைப் பார்க்காமல் வாளி கழுவுகிறான்.

"மேலே வண்டி நிற்கும்,
யார் பார்க்கப் போகிறார்கள்?"
கொட்டாவியோடு கல்ஃபான்.

பார்க்க மாட்டார்கள்தான்.
ஆனால் லேண்ட் க்ரூசரின்
முன்சக்கரம் ஏறும் இடம் அது.
போகையில் ஒரு முறை
வருகையில் ஒரு முறை
தட்டிக் கேட்கும்.

பெட்டியில் மிச்சம் ஒரே ஒரு டைல்.
உளியை வைத்தேன்.
கழுவிய வாளியில்
மறுபடி தண்ணீர் ஊற்றினான் ஷொஹேல்.