பில் ரோலின் மறுபக்கம்

ஃபீனிக்ஸ் பெட்ரோல் பங்க், இரவு இரண்டரை மணி.
கல்லா மெஷினிலிருந்து காகிதத்தை இழுத்து
அச்சடிக்காத பக்கத்தில் என் பட்டப்படிப்பை
நீளவாக்கில் எழுதுகிறேன்.
மூன்று வருடப் படிப்பு, எனக்கு ஆறு வருடம்.
சம்பளம் தாங்குவது அவ்வளவுதான்.

முதலில்: கவிதையை வாசிக்கும் முறை.
"வாசிக்கக்கூட முறை இருக்கிறதா?"
ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்டான் துலானி.
அதற்குத்தான் கட்டணம் என்றேன்.

அடுத்த வருடம் நாடகம்.
பழைய ஆங்கிலம் விருப்பப் பாடம்.
அடித்தேன்.
திரும்ப எழுதினேன்.
எதற்கும் உதவாத ஒன்றாவது
எனக்கே எனக்கென்று இருக்கட்டும்.

"வீட்டில் பேசுவதே இங்கிலீஷ்தானே சலோஷினி,
அதில் எதற்குப் பட்டம்?" என்கிறார்
மேனேஜர் மூட்லி.
இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறார்,
ஒருநாளும் பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை.

நாவல் என்று எழுதும்போது கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
அந்த வருடம் கோணலாகிவிட்டது.
அதே நேரம் ஒரு மினிபஸ் டாக்ஸி:
முந்நூறு ரேண்டுக்கு டீசல், ஒரு ரொட்டி, ஒரு மீன் டின்.
அச்சானதைக் கிழித்துக் கொடுத்தேன்.
இவ்வளவு நீளமா என்று சிரித்துக்கொண்டே
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

வண்டி இனாண்டா பக்கம் திரும்பிய பிறகுதான்
கையில் பேனா மட்டும் இருப்பது தெரிந்தது.
நாடகம், நாவல், ஆறு வருடக் கட்டணக் கணக்கு,
எல்லாம் மீன் டின்னோடு போய்விட்டன.

மறுபடி காகிதத்தை இழுத்தேன்.
இந்த முறை
பழைய ஆங்கிலத்தை முதலில் எழுதினேன்.